கார் வாங்க எண்ணும் மாற்றுத்திறனாளி அங்கத்தினருக்கு

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கடன் சங்கத்தில் ஆய்வு நடத்தியபோது, ஒரு மனுவின் ஓரத்தில் நான் ஒரு வரி எழுதினேன். மனுதாரர் நெசவுக் குடும்பத்தைச் சேர்ந்தவர். சிறு வயதில் இளம்பிள்ளை வாதத்தினால் இடது கால் சூம்பிவிட்டது. தறியின் மிதியை மிதிக்க இயலாதவராதலால், தம் குடும்பத்தாரும் உறவினரும் நெய்த சேலைகளைச் சங்கத்தில் சேர்ப்பதும் நூல் வாங்கி வருவதும் அவர் பொறுப்பாக இருந்தன. பழைய கார் ஒன்று வாங்கக் கடன் கேட்டிருந்தார். “மனுதாரர் கார் ஓட்டவல்லவர் என்பதற்கு ஆதாரம் இல்லை” என்பது நான் எழுதிய வரி. நிர்வாகக் குழுவினர் அதைக் காட்டியே மனுவைத் தள்ளிவிட்டனர்.

அவர் சோர்ந்துவிடவில்லை. தனியார் ஒருவரிடம் வட்டிக்கு வாங்கிக் காரை ஓட்டி வரச் செய்தார். கியர் மாற்றும்போதெல்லாம் இடது காலால் கிளட்சை மிதிக்க வேண்டிய கார் அது. எட்டு மாதம் கொட்டகையில் நின்றது. தவணை மட்டும் மாதந்தோறும் நடந்தது. முடிவில் நஷ்டத்திற்கு விற்றார். “எவ்வகைக் கார்?” என்று அன்று நான் கேட்டிருந்தால், அவருக்கு அந்த நஷ்டம் நேர்ந்திராது. இப்பாடத்தை எழுதுவதற்கு அதுவே காரணம்.

பெரும்பாலோர் முதலில் கடனைத் தேடுகின்றனர், பிறகு வண்டி, அதன் பிறகு லைசென்ஸ், கடைசியில்தான் தம் உடலுக்கு அது பொருந்துகிறதா என்று பார்க்கின்றனர். இவ்வரிசையைத் தலைகீழாக மாற்றிக்கொள்ள வேண்டும்.

உடலிலிருந்து தொடங்குவோம். கியர் காரில் மூன்று மிதிகள் உண்டு. இடது ஓரத்தில் கிளட்ச், நடுவில் பிரேக், வலப்புறம் ஆக்சிலரேட்டர். தறியில் மிதிகளை மாற்றி மாற்றி மிதித்துப் பழகியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தானியங்கிக் கியர் உள்ள காரில் கிளட்ச் மிதி கிடையாது. ஆகவே இடது கால் மட்டும் பாதிக்கப்பட்டு, வலது கால் பலமாக உள்ளவர் அத்தகைய காரை அநேகமாக எவ்வித மாற்றமுமின்றியே ஓட்டலாம். வலது கால் பாதிக்கப்பட்டவருக்கு ஆக்சிலரேட்டரை இடப்புறம் அமைத்துத் தரலாம். இரு கால்களும் இயங்காதவருக்குக் கைக்கருவி பொருத்துவர். ஸ்டீயரிங்கின் அருகே உள்ள பிடியைத் தள்ளினால் பிரேக் பிடிக்கும், இழுத்தாலோ திருப்பினாலோ வேகம் கூடும். ஒரு கையால் மட்டும் ஓட்டுபவருக்கு ஸ்டீயரிங் வளையத்தில் சுழல் குமிழ் வைப்பதுண்டு. முதுகுத்தண்டில் அடிபட்டுக் கால்களில் உணர்வு அற்றவர், கால் தானாக நகர்ந்து மிதிகளில் சிக்காதபடி ஒரு தடுப்பும் வைத்துக்கொள்வது அவசியம். புண் உண்டானாலும் அவருக்கு வலி தெரியாதாகையால் நல்ல மெத்தையும் வேண்டும்.

தானியங்கி என்ற பெயரில் பல வகைகள் விற்பனையாகின்றன. ஏ.எம்.டி. என்பது விலை குறைந்த வகை. சாதாரணக் கியர்ப் பெட்டியையே இயந்திரம் மாற்றித் தருகிறது. சில கார்களில் மேட்டில் நின்று புறப்படும்போது வண்டி சற்றுப் பின்னோக்கி உருளும். கைக்கருவியால் ஓட்டுபவர் இதனை ஒரு மேட்டில் சோதித்துப் பார்த்த பின்னரே விலை பேச வேண்டும். மின்சாரக் காருக்குக் கியரும் இல்லை, கிளட்சும் இல்லை. ஓட்டும் வகையில் அது மிகவும் சௌகரியமானது. ஆனால் விலை அதிகம். மின்னேற்றம் செய்ய வீட்டு வாசலில் வண்டி நிற்க இடமும் இருக்க வேண்டும். நெசவாளர் தெருக்களில் அது எளிதன்று.

ஓட்டுவது பாதி, ஏறி இறங்குவது மறு பாதி. இப்பாதியைப் பலர் மறந்துவிடுகின்றனர். இருக்கை மிகத் தாழ்ந்திருந்தால் ஊன்றுகோலுடன் எழ முடியாது. மிக உயர்ந்திருந்தால் சக்கர நாற்காலியிலிருந்து உடலைத் தூக்கி வைக்க முடியாது. நாற்காலியின் இருக்கை மட்டமும் கார் இருக்கை மட்டமும் ஒத்திருத்தல் நலம். காலிப்பர் அணிந்தவர் முழங்காலை எளிதில் மடக்கி உள்ளே நுழைய முடியாதாகையால், கதவு எவ்வளவு அகலம் திறக்கிறது என்று அளந்து பார்க்க வேண்டும். சக்கர நாற்காலியை மடித்துப் பின்புறம் வைக்க இடம் உண்டா? வைப்பவர் யார்? தனியே பயணம் செய்பவர் அதைத் தாமே தூக்கிப் பக்கத்து இருக்கையில் வைத்துக்கொள்ள முடியுமா? விற்பனைக் கூடத்தில் நாணப்பட வேண்டாம். பத்து முறை ஏறி இறங்கிப் பாருங்கள். விற்பவர் முகம் சுளித்தால் வேறு கடைக்குப் போகலாம்.

கார்தான் வேண்டுமா என்பதையும் யோசிக்க வேண்டும். கால்கள் பாதிக்கப்பட்டுக் கைகள் நலமாக உள்ளவர்களுக்கு, இணைப்புச் சக்கரம் பொருத்திய பெட்ரோல் ஸ்கூட்டரைத் தமிழ்நாடு அரசின் மாற்றுத்திறனாளிகள் நலத்துறை விலையின்றி வழங்கி வருகிறது. நாள்தோறும் பத்துக் கிலோமீட்டருக்குள் சென்று திரும்புபவருக்கு அதுவே போதும். மழையில் நனையக் கூடாத சேலைப் பொதியோ, மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டிய பெற்றோரோ இருப்பின் கதை வேறு. அத்தகையவர் கார் கேட்டால், “இவருக்கு இது ஆடம்பரம்” என்று நிர்வாகக் குழுவினர் எண்ணுதல் தவறு. கால் வலுவுள்ள ஒருவர் பஸ் ஏறிச் செய்யும் வேலையை அவர் காரில் செய்கிறார்; அவ்வளவே.

இனி லைசென்ஸ். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், மாற்றுத்திறனாளிக்கென அமைத்த வண்டியை ஓட்ட அவருக்கு லைசென்ஸ் வழங்க இடமளிக்கிறது. முன்பு ‘இன்வாலிட் காரேஜ்’ என்றிருந்த சொல், 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தினால் ‘மாற்றியமைக்கப்பட்ட வாகனம்’ என்று பொருள்படும் சொல்லாக மாறியது. இங்கே ஒரு முடிச்சு உண்டு. அத்தகைய வண்டியில் ஓட்டிக் காட்டினால்தான் லைசென்ஸ். லைசென்ஸ் கிடைக்குமென்று தெரிந்தால்தான் வண்டி வாங்கத் துணிவு பிறக்கும். பயிற்சிப் பள்ளிகளில் கைக்கருவி பொருத்திய கார் அரிது. ஆகவே பழகுநர் லைசென்ஸ் பெறும் கட்டத்திலேயே வட்டாரப் போக்குவரத்து அலுவலரை நேரில் கண்டு, தம் உடல்நிலைக்கு எந்த மாற்றம் தேவை என்று கேட்டறிந்துகொள்ள வேண்டும்.

இம்முடிச்சை அவிழ்க்க ஒரு வழி எனக்குத் தோன்றுகிறது. பிரிட்டனில் 1977-இல் மோட்டபிலிட்டி என்ற அமைப்பு தோன்றியது. மாற்றுத்திறனாளி தமக்கு அரசு தரும் நடமாட்ட உதவித்தொகையை அதற்கு ஒப்படைத்தால், இன்ஷூரன்சும் பராமரிப்பும் உட்பட ஒரு காரை அது குத்தகைக்குத் தருகிறது. பலர் தேவையை ஒன்றாகத் திரட்டியதால் அது இயன்றது. அவ்வளவு பெரிய ஏற்பாடு நமக்கு இன்று எட்டாது. ஆனால் ஒரு மாவட்டத்துச் சங்கங்கள் கூடி, கைக்கருவி பொருத்திய ஒரே ஒரு காரைப் பொதுவில் வைத்துப் பழகவும் சோதனைக்குச் செல்லவும் கொடுக்கலாமே. பொது விசைத்தெளிப்பானை முறை வைத்து வாடகைக்கு விடும் சங்கங்களுக்கு இது புதிய வேலையன்று.

வண்டியில் செய்யும் மாற்றத்தைப் பதிவு அலுவலரின் அனுமதியோடு செய்து, பதிவுச் சான்றில் எழுதுவித்தல் வேண்டும். கடன் பாக்கி உள்ள வண்டியாயின் கடன் கொடுத்தவரின் எழுத்து மூலமான சம்மதமும் பெறுக. பதிவுச் சான்றில் இந்த விவரம் ஏறியிருந்தால்தான் சலுகைகளைக் கேட்க முடியும். மாற்றியமைத்த வண்டிக்குத் தமிழ்நாட்டில் சாலை வரி விலக்கு உண்டு. 2008-ஆம் ஆண்டுக் கட்டண விதிகளின்படி, உடற்குறையுடையோருக்கெனத் தனியே அமைத்த வண்டிக்குத் தேசிய நெடுஞ்சாலைச் சுங்கமும் இல்லை. இன்ஷூரன்ஸ் பிரீமியத்தில் சொந்தச் சேதப் பகுதிக்குக் கழிவு தரும் விதி நெடுங்காலமாக இருந்து வருகிறது. கேட்காதவர்க்கு யாரும் தாமாக எடுத்துத் தருவதில்லை. பொருத்திய கருவியின் மதிப்பையும் பாலிசியில் சேர்க்கச் சொல்லுங்கள். ஜி.எஸ்.டி. விஷயத்தில் மட்டும் பழைய தகவலை நம்ப வேண்டாம். முன்பு சிறு காருக்கு 28 சதவீதமாக இருந்த வரி, கை கால் பாதிக்கப்பட்டோருக்கு டில்லியிலிருந்து பெறும் சான்றின் பேரில் 18 சதவீதமாகக் குறைந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் 4 மீட்டர் நீளத்துக்கும், பெட்ரோலாயின் 1200 சி.சி.க்கும், டீசலாயின் 1500 சி.சி.க்கும் மேற்படாத சிறு கார்களுக்கு எல்லோருக்குமே 18 சதவீதம்தான். இனி அதையே “தங்களுக்கென விசேஷச் சலுகை” என்று விற்பவர் கூறினால் புன்னகையோடு கேட்டுக்கொள்ளலாம்.

கடைசியாகக் கடன். 4,00,000 ரூபாயை 10 சதவீத வட்டியில் 5 ஆண்டுக்கு வாங்குவதாகக் கொள்வோம். குறைந்துவரும் அசலுக்கு வட்டி கணக்கிட்டால் மாதத் தவணை சுமார் 8,500 ரூபாய். மொத்த வட்டி ஏறத்தாழ 1,10,000. அதே 10 சதவீதம் ‘பிளாட்’ வட்டியாயின், தீர்ந்துவிட்ட அசலுக்கும் கடைசி வரை வட்டி ஓடும். தவணை 10,000 ரூபாய், மொத்த வட்டி 2,00,000. குறையும் அசல் முறையில் இது 17 சதவீதத்துக்கும் மேற்பட்ட வட்டிக்குச் சமம். மேலே கூறிய அங்கத்தினர் தனியாரிடம் வாங்கியது இவ்வகைக் கடனே. தவணையைச் சிறிதாக்க 7 ஆண்டுக்கு நீட்டினால், குறையும் அசல் முறையில் மாதம் சுமார் 6,640 ஆகக் குறையும். வட்டியோ சுமார் 48,000 ரூபாய் கூடும்.

மாதத் தவணையை ஆண்டின் நல்ல மாதத்தைக் கொண்டு நிச்சயிக்கக் கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் தெருவில் பாவு விரிக்க முடியாது, கூலி குறையும். மஞ்சளோ கரும்போ பயிரிடுபவருக்கு ஆண்டில் ஓரிரு முறைதான் பணம் கைக்கு வரும். ஆறு தவணைக்குரிய தொகையைச் சங்கத்தில் வைப்பாகப் போட்டு வைத்த பிறகு காரை வீட்டுக்குக் கொண்டுவருவது நல்லது. 40 சதவீதமும் அதற்கு மேலும் ஊனம் உள்ளவருக்கு, 1997-இல் நிறுவப்பட்ட தேசிய மாற்றுத்திறனாளிகள் நிதி மேம்பாட்டுக் கழகத்தின் கடன் திட்டங்கள் உள்ளன. தமிழ்நாட்டில் அவை மாநிலத் தலைமைக் கூட்டுறவு வங்கியின் வழியாக நடைபெறுகின்றன. தனியாரிடம் போவதற்கு முன் நம் சங்கச் செயலாளரிடம் இதைப்பற்றி விசாரிக்க வேண்டும். செயலாளர் அறியாதவராயின், மத்தியக் கூட்டுறவு வங்கியில் கேட்டுச் சொல்வது அவர் கடமை.

நான் குறிப்பிட்ட அங்கத்தினர் ஈராண்டு கழித்து மீண்டும் மனுச் செய்தார். இம்முறை லைசென்ஸ் நகலும், தானியங்கிக் காரின் விலைப்பட்டியலும், மாதவாரி வரவு செலவும் இணைத்திருந்தார். கடன் வழங்கப்பட்டது. சென்ற ஆய்வில் அவர் கணக்கைப் புரட்டிப் பார்த்தேன். இரண்டு தவணைகள் மட்டும் கெடு கடந்து வந்திருந்தன. இரண்டும் கார்த்திகை மாதத்தவை.