இருக்குமிடம் மட்டுமே சூழல் அன்று

காலையில் சென்னை விமான நிலையத்தில் சிற்றுண்டிக்குக் கைப்பேசி வழியே பணம் செலுத்திய வாடிக்கையாளர் ஒருவர், அன்று மாலையே ஹேவ்லாக் தீவில் விடுதிக் கட்டணம் செலுத்த முற்படுகிறார் எனக் கொள்வோம். இடையில் வங்கக் கடல். செலுத்துபவர் அவர்தாமா, அவர் கணக்கைக் கைப்பற்றிய வேறொருவரா? வங்கிச் செயலி சில நொடிகளில் முடிவு செய்தாக வேண்டும். தவறாக அனுமதித்தால் சேமிப்புப் பறிபோகும். தவறாக மறுத்தால் அவர் அயலூரில் செய்வதறியாது நிற்பார்.

இவ்விடத்தில் துணை நிற்பது சூழல் தகவல். 1994இல் ஷிலிட், தைமர் என்னும் ஆய்வாளர்கள் சூழலறியும் மென்பொருளைப் பற்றி எழுதியபோது இருக்குமிடம், அருகிலுள்ள மனிதர், பொருள்கள், அவற்றில் நேரும் மாற்றங்கள் ஆகியவற்றையே குறிப்பிட்டனர். இன்று கருவியின் அடையாளம், வழக்கமான செலவு, நேரம் ஆகியனவும் சேர்ந்துள்ளன. எனினும் தகவலைத் திரட்டுவது எளிது. அதைச் செவ்வனே பதிந்து வைப்பதே கடினம்.

இடத்தையே எடுத்துக்கொள்வோம். ஹேவ்லாக் 2018 டிசம்பரில் ஸ்வராஜ் த்வீப் ஆயிற்று. போர்ட் பிளேர் 2024இல் ஸ்ரீ விஜயபுரம் ஆயிற்று. பெயரை மட்டும் பதிந்து வைத்த செயலிக்கு ஒரே தீவு இரண்டாகத் தோன்றும். ஏறத்தாழ 12 பாகை வடக்கு, 93 பாகை கிழக்கு என அட்சரேகை, தீர்க்கரேகையைப் பதிந்து வைத்தால் அக்குழப்பம் இல்லை.

அடுத்தது காலம். சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். பின்னர்ப் படகில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். ஆகவே காலையில் சென்னை, மாலையில் ஹேவ்லாக் என்பது இயல்பே. பத்து நிமிட இடைவெளியில் இரண்டிடத்திலும் பரிவர்த்தனை நிகழ்ந்தால்தான் ஐயம் கொள்ள வேண்டும். 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடிக் கம்பிவடம் வந்தபின் தீவுகளின் இணையத் தொடர்பு மேம்பட்டுள்ளது. ஆயினும் படகில் செல்கையில் தொடர்பு அறுந்தால், வங்கியிடம் இருப்பது பழைய இருப்பிடமே. எனவே ஒவ்வொரு தகவலுடனும் அது எப்போது, எதன் வழியே கிடைத்தது, எவ்வளவு நம்பத்தக்கது என்பனவும் பதிவாக வேண்டும். நாளும் வவுச்சரும் இல்லாத பதிவை நம் பேரேடு ஏற்பதில்லையே!

இருப்பிடம், கருவி, பயனாளரின் வழக்கம் ஆகியவற்றைக் கொண்டு பரிவர்த்தனையின் இடரை மதிப்பிட்டுக் கூடுதல் சரிபார்ப்புக் கோரலாம் என்பதை ரிசர்வ் வங்கியும் 2025 செப்டம்பரில் வெளியிட்ட நெறிமுறையில் ஏற்றுள்ளது. எமது கருத்தில், ஐயம் எழுந்தவுடன் மறுப்பதைவிட மீண்டும் ஒருமுறை கேட்பதே முறை. அந்தக் கேள்வி ஓடிபியாக வரக்கூடுமாதலால், பதிவு செய்த எண்ணின் சிம் அட்டையைப் பயணத்தில் கழற்றி வைக்காதீர்கள். இருப்பிட அனுமதியை, செயலியைப் பயன்படுத்தும்போது மட்டும் என அமைத்தால் போதும். படகேறுமுன் இரண்டு நாள் செலவுக்கான ரொக்கத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள்.