வேலியும் விளைச்சலும்

சில்க் போர்டு என்றதும் நம் நினைவுக்கு வருவது வண்டிகள் நகராது நிற்கும் சந்திப்பு. அதற்குப் பெயர் தந்தது, 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த மத்தியப் பட்டு வாரியம். அயல்நாட்டு மலிவுச் சரக்கிலிருந்து உள்நாட்டுத் தொழிலைக் காப்பது எவ்வாறு? இக்கேள்வியைப் பட்டைக்கொண்டே ஆராய்வோம்.

பட்டு ஒருவர் கையில் முடியும் தொழிலன்று. உழவர் மல்பெரி பயிரிட்டு, புழுவுக்கு இலையிட்டுக் கூடு எடுக்கிறார். இராமநகரச் சந்தையில் அதை ஏலத்தில் வாங்குவோர் வெந்நீரிலிட்டு நூலெடுக்கின்றனர். அந்நூல் முறுக்கேறிக் காஞ்சிபுரத் தறிக்கும் வருகிறது. சீனப்பட்டு மலிவாக வந்திறங்கினால் முதல் இருவருக்கும் இழப்பு, நெசவாளருக்கு ஆதாயம். சுங்கவரி உயர்ந்தால் நிலைமை தலைகீழாகும்.

2011இல் கச்சாப்பட்டின் மீதான வரி 30 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. இதன் பொருள் என்ன? கிலோ 3,000 ரூபாய்க்கு வந்திறங்கும் பட்டு என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். முன்னைய வரியோடு அது 3,900 ரூபாய். புதிய வரியோடு 3,150. வேறுபாடு 750 ரூபாய். ஒரு கிலோ நூலுக்கு ஏறத்தாழ ஏழரைக் கிலோ கூடு வேண்டும். இக்குறைவு முழுதும் உழவர் தலையில் விழுமானால், கிலோ கூட்டுக்கு 100 ரூபாய் போயிற்று! அவ்வாண்டு கூட்டின் விலை சரிந்தது, உழவர் போராடினர். 2013இல் வரி 15 விழுக்காடாயிற்று. பின்னர் 10 ஆகக் குறைந்து, 2021இல் மீண்டும் 15 ஆக உயர்ந்தது.

நான் காஞ்சிபுரத்து நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவன். "நூல் விலை ஏறினால் முதலாளி கை வைப்பது நம் கூலியில்தான்" என்பார் என் தாத்தா. ஆகவே வரி என்றாலே தீமை என எண்ணியிருந்தேன். இராமநகரச் சந்தையில், ஏலம் முடியும்வரை தம் கூட்டருகே நின்ற உழவரின் முகத்தைக் கண்டபின்தான், தாத்தா சொன்னது கணக்கில் பாதி என்று விளங்கிற்று. தருமபுரியிலும் ஓசூரிலும் கூடு வளர்ப்போர் நம் தமிழரே அல்லரோ?

அப்படியாயின் வழி என்ன? சீனப்பட்டு விலையால் மட்டும் நம்மை வெல்லவில்லை, தரத்தாலும் வெல்கிறது. அது வெண்பட்டுக்கூட்டிலிருந்து வருவது. அக்கூட்டின் இழை ஏறக்குறைய 1,000 மீட்டர் அறுபடாது நீளும். நம் நாட்டில் நெடுங்காலம் மிகுதியாக வளர்ந்தது மஞ்சள் கூடு. அதன் இழை குட்டையானது. வெண்பட்டுப் புழு நம் வெப்பத்தைத் தாங்காது என்றே பலர் கருதினர். 1990களில் சப்பானியர் துணையுடன் மைசூர் ஆராய்ச்சி நிலையத்தார் நம் தட்பவெப்பத்துக்கேற்ற வெண்பட்டு இனங்களை உருவாக்கினர். ஆயினும் தூய வளர்ப்பு மனையும் நல்ல நூற்புப் பொறியும் இல்லையேல் அவ்வினங்களால் முழுப்பயன் விளையாது.

காப்பு வரி ஒரு வேலி. வேலி பயிரைக் காக்கும், விளைச்சலைத் தராது. வேலி நிற்கும் காலத்திலேயே நிலத்தைப் பண்படுத்தவேண்டும். வரியால் வரும் பணத்தில் ஒரு பங்கு வளர்ப்பு மனைக்கும் நூற்புப் பொறிக்கும், மற்றொரு பங்கு நெசவாளரின் நூல் மானியத்துக்கும் செல்லவேண்டும். இன்றேல் உழவரைக் காக்க நெசவாளரின் கூலியில் கை வைத்தவராவோம்.

அறிவியல் பயிலும் தோழர்களே! அடுத்தமுறை அச்சந்திப்பில் வண்டி நிற்கும்போது இதனைச் சற்றே எண்ணிப் பாருங்கள். வரியை நிறுவுவது அரசின் வேலை. அவ்வரி தேவைப்படாத நாளை விரைவில் கொணர்வது நம்மைப் போன்றோரின் வேலை.