கலக்கத்திலும் கலங்காத உள்ளம்



திருவண்ணாமலை நகரை அடுத்துள்ள வேங்கிக்காலில் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இருக்கிறது. 1989ஆம் ஆண்டில் வட ஆற்காடு மாவட்டத்தைப் பிரித்து உருவாக்கிய திருவண்ணாமலை மாவட்டத்திற்கு இதுவே தலைமையிடம். ஆரணி, செய்யாறு, வந்தவாசிப் பக்கங்களிலிருந்து மனுவும் கையுமாக மக்கள் அங்கே வந்து போகின்றனர். வேலை கிடைக்குமா, பட்டா மாறுமா, விதவைப் பென்ஷன் வருமா என்ற கவலை அவர்களுக்கு. மாற்றல் உத்தரவு எந்த ஊருக்கு வருமோ என்ற கவலை உள்ளே உட்கார்ந்திருப்பவர்களுக்கு. ஆக, கவலையில்லாத மனிதர் எந்தப் பக்கத்திலும் இல்லை.

மகளைக் கட்டிக் கொடுப்பது, மகனை வளைகுடாவுக்கு அனுப்புவது, வியாபாரம் நொடிப்பது, துணையை இழப்பது, ஓய்வு பெறுவது ஆகிய ஒவ்வொன்றும் வாழ்க்கையைப் புரட்டிப் போடக்கூடிய மாற்றமே. அந்நேரத்தில் ஒரு முஃமின் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதே இம்மாதப் பாடம்.

அச்சம் ஈமானுக்குக் குறைவா?

"பயப்படுகிறாயே, உனக்குத் தவக்குல் இல்லையா?" என்று சிலர் பிறரைக் கடிந்துகொள்கிறார்கள். இது சரியன்று. சூனியக்காரர்களின் கயிறுகளும் தடிகளும் பாம்புகளாகத் தோன்றியபோது நபி மூஸா (அலை) அவர்களின் உள்ளத்தில் அச்சம் உண்டாயிற்று என்று திருக்குர்ஆனே கூறுகிறது. முதல் வஹீ இறங்கியபோது நாயகம் (ஸல்) அவர்கள் நடுக்கத்துடன் இல்லம் திரும்பித் தம்மைப் போர்த்தும்படி கேட்டார்கள். அன்னை கதீஜா (ரலி) அவர்கள் அந்த நடுக்கத்தைக் குறையாகக் கருதவில்லை. நாயகம் (ஸல்) அவர்கள் உறவைப் பேணுவதையும், எளியோரின் சுமையைத் தாங்குவதையும், விருந்தினரை உபசரிப்பதையும் எடுத்துச் சொல்லி, இத்தகையவரை அல்லாஹ் கைவிட மாட்டான் என்று தேற்றினார்கள்.

ஆகவே அச்சம் வருவது பாவமன்று. அச்சத்திற்கு அடிமையாகிக் கடமையை விடுவதே தவறு.

விட்டுச் சென்ற துணிவு

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 484இல், அதாவது கி.பி. 1091இல், பக்தாதின் நிஜாமிய்யா மதரஸாவில் பேராசிரியராக அமர்ந்தார்கள். நூற்றுக்கணக்கான மாணவர்களும், அரசரிடத்தில் செல்வாக்கும், நாடெங்கும் புகழும் இருந்தன. ஆனால் தம் நிய்யத்தைத் தாமே சோதித்துப் பார்த்தபோது, தாம் பாடம் நடத்துவது அல்லாஹ்வுக்காக அன்று, பெயருக்கும் பதவிக்குமே என்று கண்டார்கள்.

கி.பி. 1095இல் ஏறத்தாழ ஆறு மாதம் அவர்களுடைய உள்ளம் இருபுறமும் இழுபட்டது. காலையில் போகலாம் என்று தோன்றும். மாலையில் அந்த உறுதி கரைந்துவிடும். நாவு அடைத்துப் பாடம் சொல்ல முடியாமற் போயிற்று. உணவும் இறங்கவில்லை. இது உள்ளத்திலிருந்து உடலுக்கு வந்த நோய், மருந்தால் தீராது என்று வைத்தியர்கள் கைவிரித்தனர். இறுதியில் அல்லாஹ்விடம் மன்றாடி, பதவியைத் துறந்து டமாஸ்கஸ் சென்றார்கள். அப்போதும் பிள்ளைகளின் ஜீவனத்திற்கு வேண்டியதை ஒதுக்கி வைத்துவிட்டே மற்ற செல்வத்தைப் பங்கிட்டார்கள். குடும்பத்தைத் தவிக்க விட்டுப் போவதை ஆன்மிகம் என்று எண்ணுவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

பதினொரு ஆண்டுகளுக்குப் பின் நைசாபூரில் மீண்டும் பாடம் சொல்ல அமர்ந்தார்கள். வேலை பழைய வேலைதான், நிய்யத் புதியது. முன்பு பதவியைத் தேடித் தரும் கல்வியைக் கற்பித்தேன், இப்போது பதவியாசையை விடச் செய்யும் கல்விக்கு அழைக்கிறேன் என்ற கருத்தை அவர்களே எழுதி வைத்துள்ளார்கள். உள்ளும் புறமும் ஒன்றாவதே இக்லாஸ்.

விடாமல் நின்ற துணிவு

நம் தமிழகத்தின் காயிதேமில்லத் முகம்மது இஸ்மாயில் சாகிப் அவர்களைப் பாருங்கள். 1896இல் திருநெல்வேலியில் பிறந்த அவர்கள், 1920இல் ஒத்துழையாமை இயக்கத்திற்காகப் பட்டப் படிப்பை விட்டு வெளியேறினார்கள். 1947இல் நாடு பிரிந்தபோது வேறு விதமான சோதனை வந்தது. உறவுகள் பிரிந்தன, எதிர்காலம் என்னவாகுமோ என்ற திகில் சமுதாயத்தைப் பற்றிக்கொண்டது. கட்சியைக் கலைத்துவிடலாம் என்று கருதியோரும் இருந்தனர். காயிதேமில்லத் அவர்கள் இந்த மண்ணை விட்டுப் போகவுமில்லை, ஒதுங்கிக்கொள்ளவுமில்லை. 1948 மார்ச் 10ஆம் நாள், இன்று ராஜாஜி மண்டபம் எனப்படும் கட்டிடத்தில் கூட்டம் கூட்டி, இந்திய யூனியன் முஸ்லிம் லீகாகத் தொடர்வதென முடிவு செய்தார்கள். அடுத்த ஆண்டு அரசியல் நிர்ணய சபையில் தமிழை ஆட்சிமொழியாக்க வேண்டும் என்று வாதாடினார்கள். 1972 ஏப்ரல் 5இல் மறைந்து, சென்னை வாலாஜா பள்ளிவாசலில் அடக்கமானார்கள்.

இங்கே அரசியல் பேசுவது நம் நோக்கமன்று. 1920இல் விட்டுச் சென்ற அதே மனிதர் 1948இல் விடாமல் நின்றார். விடுவதுதான் துணிவு என்றோ, நிற்பதுதான் துணிவு என்றோ விதியில்லை. பயத்தினால் ஓடுவதும் உண்டு. பயத்தினால் இருந்த இடத்தில் ஒட்டிக்கொண்டிருப்பதும் உண்டு. எதற்காகச் செய்கிறோம் என்பதே கேள்வி.

நாம் செய்ய வேண்டியவை

1. நிய்யத்தைச் சோதியுங்கள். யாரும் பாராட்டாவிட்டாலும் இதைச் செய்வேனா, யாரும் ஏசாவிட்டாலும் இதை விடுவேனா என்று கேளுங்கள். பதில் கசந்தாலும் அது நோயைக் காட்டும்.

2. மஷூரா செய்யுங்கள். அனுபவமும் இறையச்சமும் உள்ளவரிடம் கேளுங்கள். நீங்கள் கேட்க விரும்புவதையே சொல்பவரிடம் மட்டும் போகாதீர்கள்.

3. இஸ்திகாரா தொழுங்கள். திருக்குர்ஆனின் சூராவைக் கற்பிப்பது போல நாயகம் (ஸல்) அவர்கள் இதைத் தோழர்களுக்குக் கற்பித்ததாக ஜாபிர் (ரலி) அறிவிக்கிறார்கள். தொழக்கூடாத நேரங்களைத் தவிர்த்து இரண்டு ரக்அத் நபில் தொழுது அந்த துஆவை ஓதுவதே முறை. கனவு வர வேண்டும் என்பது நிபந்தனையன்று. ஹராமான காரியத்திற்கு இஸ்திகாரா இல்லை.

4. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்விடம் ஒப்படையுங்கள். வளைகுடா போகிறவர் ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்க வேண்டும்; வீட்டுச் செலவுக்கு வழி வைக்க வேண்டும். அதுவும் தவக்குலில் சேர்ந்ததே.

5. கலக்கம் நீங்காமல் தூக்கமும் உணவும் கெட்டால் வைத்தியரிடம் செல்லுங்கள். நோய்க்கு மருந்து தேடுவது சுன்னத்தானது. வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை.

6. கலங்கி நிற்பவரைக் கண்டால் கடிந்துகொள்ளாதீர்கள். அன்னை கதீஜா (ரலி) அவர்களைப் போல், அவரிடமுள்ள நன்மையை அவருக்கே நினைவூட்டுங்கள்.

நாளை நம் கையில் இல்லை. இன்றைய நிய்யத் நம் கையில் இருக்கிறது. அதைச் சீராக்கிக்கொண்டு அடியெடுத்து வைக்கும் உறுதியை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.