வாய்க்கால் தெரியாத சந்தை ஊர்: நாஈனுக்கு ஒரு வகுப்பறைப் பயணம்

பாலைவனம் என்று சொன்னால் நம் மாணவர்கள் வரையும் படம் பெரும்பாலும் ஒன்றுதான்: இரண்டு மணல் மேடு, ஓர் ஒட்டகம், ஒரு பேரீச்ச மரம். அதில் ஊர் இருக்காது. கடைத்தெரு இருக்காது. தண்ணீருக்காகப் பேசி முடிவெடுக்கும் மனிதர்களும் இருக்கமாட்டார்கள். மழை குறைந்த நிலப்பகுதிகளைப் பற்றிய பாடத்தை நடத்தும்போது இந்த இடைவெளியை நிரப்ப ஒரு வழி தேடினேன். ஒரே ஒரு சிறிய ஊரை எடுத்துக்கொண்டு, அதன் தெருவில் மாணவர்களை நான்கு பாடவேளைகள் நடத்திச் சென்றேன். நானும் அந்த ஊருக்கு நேரில் போனதில்லை. நிலவரைபடமும் செயற்கைக்கோள் படமும் சில ஒளிப்படங்களும்தான் எங்கள் வண்டி. அந்தப் பாட அமைப்பை இங்கே பகிர்கிறேன்.

நான் தேர்ந்தெடுத்தது ஈரானின் நடுப்பகுதியில் உள்ள நாஈன். நா-ஈன் என்று பிரித்து உச்சரிக்க வேண்டும். பாரசீகத்தின் பழைய நகரங்களான இஸ்பகானுக்கும் யஸ்துக்கும் இடையிலான சாலையில், தஷ்த்-இ-கவீர் என்னும் உப்புப் பாலைவனத்தின் ஓரத்தில் இருக்கிறது. 2016 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை ஏறத்தாழ 27,000. சுற்றுலாப் பயணிகள் பெரும்பாலும் ஒரு வேளை நின்று போகும் அமைதியான ஊர். பெரிய நகரத்தை எடுத்தால் பட்டியல்தான் மிஞ்சும், சின்ன ஊர் என்றால் "இது ஏன் இங்கே இருக்கிறது?" என்று கேட்கலாம்.

முதல் பாடவேளை: ஊர் ஏன் இங்கே?

உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து ஈரானிலிருந்து நாஈன் வரை மெல்ல நெருங்கினோம். பார்த்ததை மட்டும் சொல்ல வேண்டும், ஊகம் கூடாது என்பது விதி. "ஆறு இல்லை டீச்சர்" என்றது ஒரு குரல். "ஒரு பக்கம் மலை, இன்னொரு பக்கம் வெள்ளையா காய்ஞ்ச நிலம்" என்றது இன்னொன்று.

பிறகு எண்களைக் கரும்பலகையில் எழுதினேன். நாஈனின் ஆண்டு மழை 100 மி.மீ. அளவுதான். தமிழ்நாட்டின் சராசரி 900 மி.மீ.க்கு மேல். கோடையில் கடும் வெயில். ஊர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால் குளிர்கால இரவுகளில் உறைபனி. ஆறும் இல்லை, மழையும் இல்லை. ஆனாலும் ஊரைச் சுற்றிப் பச்சைத் திட்டுகள் தெரிகின்றன. எப்படி?

விடையை நான் சொல்லவில்லை. படத்தை இன்னும் நெருக்கி, ஊருக்கு வெளியே வரிசையாகத் தெரியும் சிறு வட்டங்களைக் காட்டினேன். "எறும்புப் புத்து மாதிரி இருக்கு" என்றார்கள். அந்த வட்டங்களை எண்ணி, அவை எந்தத் திசையிலிருந்து எந்தத் திசைக்குப் போகின்றன என்று குறித்து வருவதே வீட்டுப்பாடம். மலையடியிலிருந்து ஊரை நோக்கி என்று பலரும் சரியாகவே எழுதி வந்தார்கள்.

இரண்டாம் பாடவேளை: நிலத்தடியில் ஓர் ஓடை

அந்த வட்டங்கள் கனாத்தின் வாய்கள். மலையடியில், நீர் ஊறும் மண் அடுக்கு வரை ஒரு கிணறு தோண்டுவார்கள். அது தாய்க்கிணறு. அதன் அடியிலிருந்து ஊர் வரை, மிகச் சிறிய சரிவோடு நிலத்துக்கடியில் ஒரு சுரங்க வாய்க்கால். இடையிடையே காற்று வரவும் மண்ணை வெளியே எடுக்கவும் செங்குத்துக் குழிகள். தோண்டிய மண்ணைக் குழியைச் சுற்றிக் கொட்டுவதால்தான் மேலிருந்து பார்க்கும்போது புற்றுபோல் தெரிகிறது. ஏற்றமும் இல்லை, மோட்டாரும் இல்லை. நீர் தன் எடையால் தானே இறங்கி வருகிறது. நிலத்துக்கடியில் வருவதால் வெயிலில் ஆவியாவதும் மிகக் குறைவு.

சரிவு அதிகமானால் நீர் வேகமெடுத்துச் சுரங்கத்தின் தரையை அரித்துவிடும். குறைந்தால் வண்டல் படிந்து அடைத்துக்கொள்ளும். இந்த வேலையைச் செய்பவர்களுக்கு முகன்னி என்று பெயர். எண்ணெய் விளக்கோடு உள்ளே இறங்குவார்கள். சுடர் மங்கினால் உயிர்க்காற்று குறைகிறது என்று பொருள். உடனே வெளியேற வேண்டும். மண் இளகிய இடங்களில் சுட்ட களிமண் வளையங்களைப் பொருத்திச் சுரங்கம் சரியாமல் காப்பார்கள். எரிதலுக்கு ஆக்சிஜன் தேவை என்ற அறிவியல் பாடத்தை இங்கே இணைத்துக்கொள்ளலாம்.

ஈரானின் வடகிழக்கில் கொனாபாத் ஊரிலுள்ள கனாத் 33 கி.மீ. நீளம், அதன் தாய்க்கிணறு ஏறத்தாழ 300 மீட்டர் ஆழம். அது உட்பட 11 கனாத்துகளை யுனெஸ்கோ 2016இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இந்த நுட்பம் நம் நாட்டுக்கும் வந்தது. கர்நாடகத்தின் பீதரில் பாமினி சுல்தான்கள் காலத்துக் கனாத்தை இன்றும் காணலாம். கேரளத்தின் காசர்கோடு பகுதியில் செம்பாறைக் குன்றுக்குள் குடைந்து நீர் எடுக்கும் 'சுரங்கம்' இதற்கு நெருங்கிய உறவுபோல் தோன்றும்.

செயல்பாடு: நீண்ட தட்டில் ஈர மணலைச் சாய்வாகப் பரப்பி, அடியில் ஒரு பழைய நெகிழிக் குழாயை ஓரளவு சரிவாகப் புதைத்து, மேல் முனையில் மெல்ல நீர் ஊற்றுங்கள். குழாயின் மேல்பாதியில் ஊசியால் துளைகள் இட்டிருந்தால் மணலில் ஊறிய நீர் குழாய்க்குள் இறங்கி மறுமுனையில் சொட்டும். ஊற்றுவதை நிறுத்தினால் சிறிது நேரத்தில் சொட்டுவதும் குறையும். இந்தக் கடைசிக் கவனிப்பு முக்கியம். நான்காம் பாடவேளைக்கு அது தேவைப்படும்.

மூன்றாம் பாடவேளை: ஒரு கிண்ணத் தண்ணீர் நேரம்

ஒரே ஓடை, பல தோட்டங்கள். யாருக்கு எவ்வளவு? ஈரானின் கனாத் ஊர்களில் நீரை அளவால் பிரிக்கவில்லை, நேரத்தால் பிரித்தார்கள். அடியில் சிறு துளையிட்ட செம்புக் கிண்ணத்தைப் பெரிய நீர்ப்பாத்திரத்தில் மிதக்கவிடுவார்கள். கிண்ணம் நிறைந்து மூழ்கினால் ஒரு பங்கு முடிந்தது. மீராப் என்னும் நீர்க்காவலர் கணக்கு வைப்பார். நம் முன்னோர் பயன்படுத்திய நாழிகை வட்டிலும் இதே தத்துவத்தில் இயங்கியதுதான்.

பழைய அலுமினியக் கிண்ணத்தில் ஆணியால் துளையிட்டு வாளியில் மிதக்கவிட்டோம். எங்கள் கிண்ணம் மூழ்கச் சுமார் 6 நிமிடம் ஆனது. அதையே அளவாக வைத்துக் கணக்குகள் கொடுத்தேன். ஒரு மணி நேரத்துக்கு 10 கிண்ணம், ஒரு நாளைக்கு 240. முறை 12 நாளுக்கு ஒருதரம் வருமென்றால் ஒரு சுற்றில் 2,880 கிண்ணம். ஒரு குடும்பத்துக்கு 20 கிண்ணம் என்றால் 12 நாளுக்கு ஒருமுறை 2 மணி நேரம் நீர்.

அடுத்த கணக்கில்தான் வகுப்பு சூடுபிடித்தது. நீர்ப்பங்கை நிலத்தைப்போலவே விற்கலாம், வாரிசுகளுக்குப் பிரித்தும் கொடுக்கலாம். அந்த 20 கிண்ணத்தை மூன்று பிள்ளைகளுக்குச் சமமாகப் பிரிக்க வேண்டும். ஆறு கிண்ணமும் மூன்றில் இரண்டு பங்கும் என்று விடை வந்தது. "மூன்றில் இரண்டு பங்கு மூழ்கின கிண்ணத்தை எப்படிப் பார்ப்பது?" என்று கேட்டேன். ஒரு குழு ஒரு வழி சொன்னது: ஒரு முறை 7, 7, 6, அடுத்த முறை 7, 6, 7, அதற்கடுத்த முறை 6, 7, 7. மூன்று சுற்று முடியும்போது ஒவ்வொருவருக்கும் 20. பின்னத்தைச் சுழற்சியால் தீர்த்துவிட்டார்கள். பகலில் 2 மணி நேரமும் இரவில் 2 மணி நேரமும் சமமா என்றும் கேட்டுப்பாருங்கள். ஆவியாதலும் தூக்கமும் விவாதத்துக்குள் வந்துவிடும்.

நான்காம் பாடவேளை: கடைத்தெருவில் நடந்து

இப்போதுதான் ஊருக்குள் நுழைந்தோம். நாஈனின் பழைய பஜார் சில நூறு மீட்டர் நீளமுள்ள ஒரே தெரு. அகலம் குறைவு. முழுவதும் மண்செங்கல் கவிகைகளால் கூரை மூடியது. ஒவ்வொரு கவிகையின் உச்சியிலும் ஒரு துளை. வெளிச்சம் வட்டமாகத் தரையில் விழும். சூடான காற்று மேலே வெளியேறும். தடித்த மண் சுவர் வெயிலையும் குளிரையும் உள்ளே விடாது. ஊருக்குள் நீர்த்தொட்டிகள் உண்டு: பாதி நிலத்தில் புதைந்த கவிகை, இறங்கிப் போகப் படிகள், நீரைக் குளிர்விக்கக் காற்றுக் கோபுரங்கள். 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஜாமி பள்ளிவாசல் ஈரானில் எஞ்சியுள்ள மிகப் பழையவற்றில் ஒன்று. அதன் நிலத்தடிக் கூடத்துக்கு முற்றத்தில் பதித்த ஒளி ஊடுருவும் கற்கள் வழியே வெளிச்சம் வருகிறது. மண், நிழல், ஆழம் ஆகிய மூன்றையும் கொண்டே ஊர் வெப்பத்தைச் சமாளித்திருக்கிறது.

அருகிலுள்ள முகம்மதியா பகுதியில் நெசவுக்கூடங்களே நிலத்தைக் குடைந்தவை. ஒட்டக மயிரிலும் ஆட்டு மயிரிலும் 'அபா' என்னும் மேலங்கியை அங்கே நெய்தார்கள். 1928இல் ஈரானில் ஆண்களுக்கு ஐரோப்பிய பாணி உடை சட்டமானது. சமய அறிஞர் போன்ற சிலருக்கே விலக்கு. அபாவின் விற்பனை சரிந்தது. நெசவாளர்கள் கம்பளத்துக்கு மாறினார்கள். இன்று உலகம் அறிந்த நாஈன் கம்பளம் அப்படி வளர்ந்ததுதான். அதன் தரத்தை 4 லா, 6 லா, 9 லா என்று சொல்வார்கள். பாவு நூலில் எத்தனை இழை முறுக்கப்பட்டது என்பதே அந்த எண். எண் குறைந்தால் நூல் மெல்லியது, கம்பளம் நுட்பமானது. தொழில் அழிந்தது என்று ஒரு வரியில் முடிக்காமல், கை பழகியவர்கள் அடுத்து என்ன செய்தார்கள் என்று கேட்க இது நல்ல சான்று.

தமிழாசிரியர்களுக்கும் இங்கே வேலை உண்டு. பாரசீகக் கடைத்தெருவில் நம் மாணவர்களுக்குப் புரியும் சொற்களைத் தேடச் சொன்னேன். பஜார், தராசு, ரசீது, குமாஸ்தா, சால்வை, பாதாம், பிஸ்தா, கிஸ்மிஸ் என்று பட்டியல் நீண்டது. பாரசீகத்திலிருந்து உருது போன்ற மொழிகள் வழியாகவும் ஆட்சி வழியாகவும் நமக்கு வந்தவை இவை. பெரும்பாலும் வாங்கல், விற்றல், கணக்கு தொடர்பான சொற்கள் என்பதை மாணவர்களே கண்டுபிடித்தார்கள்.

இவ்வளவு சொன்ன பிறகு இன்றைய ஒளிப்படத்தைக் காட்டினேன். பஜாரின் பெரும்பாலான கடைகளின் மரக்கதவுகள் சாத்தியிருக்கின்றன. தெரு அமைதியாக இருக்கிறது. ஏன்? ஒட்டகச் சாத்துகள் போய் லாரிகள் வந்தன. கடைகள் கார் போகும் தெருவுக்கு நகர்ந்தன. இது ஒரு காரணம். ஊரைச் சுற்றியுள்ள நிலத்தின் கதை இன்னொன்று. 20ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் நாடு முழுவதும் மோட்டார் பொருத்திய ஆழ்துளைக் கிணறுகள் பெருகின. கனாத் தன் மட்டத்துக்கு மேல் ஊறுவதை மட்டுமே எடுக்கும். ஊறாவிட்டால் தானே குறைந்துவிடும். மணல் தட்டில் நாம் பார்த்தது அதுதான். மோட்டார் அதற்குக் கீழேயும் போய் எடுக்கும். நீர்மட்டம் தாழ்ந்தபோது பல கனாத்துகள் வற்றின. நாஈனுக்குத் தென்கிழக்கே யஸ்த்-அர்தகான் சமவெளியில் நிலமே தாழ்ந்து விரிசல் விடுகிறது. சாயந்தே ரூத் ஆற்றின் நீர் குழாய் வழியே யஸ்துக்குப் போகிறது. அதை எதிர்த்து இஸ்பகான் பகுதி உழவர்கள் போராடினார்கள்.

"அப்ப கனாத்தே நல்லது, போர் கெட்டது" என்று வகுப்பு முடிவுக்கு வரப்பார்த்தது. அப்போது கடைசி வரிசையில் ஒரு மாணவி எழுந்தாள். "பங்கு இல்லாதவங்க என்ன டீச்சர் பண்ணுவாங்க? போர் போட்டாத்தானே அவங்களுக்குத் தண்ணி?" என்றாள். நான்கு பாடவேளைகளிலும் கேட்ட மிகச் சிறந்த கேள்வி அது. உண்மையில் பல கனாத்துகளின் பெரும்பங்கு நிலக்கிழார்களிடமே இருந்தது. 1962இல் தொடங்கிய நிலச் சீர்திருத்தம் நிலத்தைப் பிரித்துக் கொடுத்தது. ஆனால் கனாத்தைத் தூர்வாரச் செலவு செய்தவர் விலகியபின் அந்தப் பொறுப்பை ஏற்க எல்லா ஊரிலும் அமைப்பு உருவாகவில்லை. பழைய முறையில் பங்கீடு இருந்தது, சமத்துவம் இல்லை. புதிய முறையில் கையில் பணமுள்ளவருக்கு உடனே நீர் கிடைத்தது, எல்லாருக்கும் பொதுவான மட்டம் தாழ்ந்தது. இந்த இரண்டையும் கரும்பலகையில் எதிரெதிரே எழுதிவிட்டு, "மூன்றாவது முறை ஒன்றை நீங்கள் வகுத்தால் என்ன விதிகள் வைப்பீர்கள்?" என்று கேட்டேன். குழுவுக்கு ஐந்து விதிகள். தூர்வாரும் செலவை யார் தருவது என்பதில்தான் எல்லாக் குழுவிலும் நீண்ட நேரம் வாதம் நடந்தது.

மதிப்பீட்டுக்குச் சில வினாக்கள்

1. ஆறில்லாத இடத்தில் நாஈன் தோன்றியதற்கு நிலத்தோற்றம் எவ்வாறு உதவியது?
2. கனாத்தின் சரிவு கூடினாலும் குறைந்தாலும் என்ன ஆகும்?
3. கிண்ணம் 8 நிமிடத்தில் மூழ்கினால் ஒரு நாளைக்கு எத்தனை பங்கு?
4. கனாத், ஆழ்துளைக் கிணறு: ஒவ்வொன்றிலும் யார் பயனடைந்தார்கள், யார் இழந்தார்கள்?
5. பஜாரின் கூரைத் துளை செய்யும் இரண்டு வேலைகள் யாவை?

ஆய்வக வசதி இல்லாத பள்ளிகளில் தரையில் சுண்ணக்கட்டியால் மலை, சுரங்கம், பஜார், தோட்டம் என்று வரிசையாக வரைந்து, மாணவர்களை நீரின் பாதையில் நடக்கச் சொல்லலாம். தொடக்க வகுப்புகளுக்கு மிதக்கும் கிண்ணம் ஒன்றே போதும். பாடம் முடிந்தபின் மீண்டும் ஒருமுறை பாலைவனத்தை வரையச் சொல்லுங்கள். எங்கள் வகுப்பில் ஒட்டகம் அப்படியே இருந்தது. அதன் பக்கத்தில் வரிசையாகக் குழிகளும், கூரை போட்ட ஒரு தெருவும், வாளியைச் சுற்றி உட்கார்ந்து கிண்ணம் மூழ்குவதைப் பார்க்கும் நாலைந்து பேரும் வந்திருந்தார்கள்.