எண்ணும் அலகும்: கணினி நிரலில் கால அளவை

முன்னுரை

‘ஐந்து கழிந்தபின் வருக’ என்று ஒருவர் கூறின், கேட்பவர் மயங்கி நிற்பார். ஐந்து நிமிடமா, ஐந்து நாழிகையா? நாழிகை ஒன்றுக்கு 24 நிமிடம். ஆதலின் ஐந்து நாழிகை என்பது இரண்டு மணி நேரமாகும். அலகின்றித் தனித்து நிற்கும் எண் அளவாகாது. எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என அளவைகளைப் பகுத்துக் கற்கும் தமிழ் மாணவர்க்கு இவ்வுண்மை புதிதன்று. கணினித்தமிழ் பயில்வோர், இஃது நிரலாக்கத்திலும் பெருஞ்சிக்கலாய் நிற்பதை அறிதல் வேண்டும். பலரும் எடுத்தாளும் பொருட்டு முன்னரே எழுதி வைக்கப்பெறும் நிரல்களின் தொகுப்பே நிரல் நூலகம். அதில் காலத்தை எவ்வாறு குறித்தல் தகும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

அலகிலா எண்

நிரலின் ஓட்டத்தைச் சிறிது நேரம் நிறுத்தி வைக்கும் கட்டளைக்கு ‘ஸ்லீப்’ என்று பெயர். யூனிக்ஸ் இயங்குதளத்தில் அது தான் பெறும் எண்ணை நொடியாகக் கொள்ளும். ஜாவா மொழியில் மில்லிநொடியாகக் கொள்ளும். 500 என எழுதினால் முன்னதில் 8 நிமிடம் 20 நொடி. பின்னதில் அரை நொடி. எழுதிய எண்ணோ ஒன்றே. அலகு கையேட்டில் மட்டும் இருப்பதால், தவறாக எழுதினும் கணினி தடுப்பதில்லை.

பின்னமும் முழுவெண்ணும்

அடுத்த வினா, காலத்தைப் பின்னமாக வைப்பதா, முழுவெண்ணாக வைப்பதா என்பது. மூன்றில் ஒரு பங்கைத் தசமத்தில் எழுதினால் முடிவின்றி நீளும். அவ்வாறே பத்தில் ஒரு பங்கு இரும எண்முறையில் முடிவின்றி நீளும்; எங்கேனும் வெட்டியே தீர வேண்டும்.

இதன் விளைவு உயிர்ச்சேதமாகவும் முடிந்துள்ளது. 1991 பிப்ரவரி 25 அன்று, சவூதி அரேபியாவின் தஹ்ரானில் அமெரிக்கரின் பேட்ரியாட் தற்காப்பு ஏவுகணை அமைப்பு, வந்த ஸ்கட் ஏவுகணையைத் தடுக்கத் தவறியது. 28 படைவீரர் மாண்டனர். அவ்வமைப்பின் கடிகாரம் காலத்தைப் பத்தில் ஒரு நொடியாக முழுவெண்ணில் எண்ணியது. அதை நொடியாக மாற்றும் பெருக்கலில் 24 பிட்டுக்குள் வெட்டப்பட்ட பின்னம் பயன்பட்டது. ஏறத்தாழ 100 மணி நேரம் இடைவிடாது இயங்கியதால், மிகச் சிறிய அப்பிழை 0.34 நொடியாகத் திரண்டது. அதற்குள் ஸ்கட் அரைக் கிலோமீட்டருக்கு மேல் கடந்துவிடும்.

ஆதலின், மிகச் சிறிய அலகைத் தேர்ந்து முழுவெண்ணாக எண்ணுவதே பிழை திரளாத வழி. கோ மொழியின் நூலகம் கால அளவை 64 பிட் முழுவெண்ணில் நானோநொடியாக வைக்கிறது. ஏறத்தாழ 290 ஆண்டு வரை அதில் அடங்கும். பைத்தான் மொழியும், பின்ன வடிவில் தந்த நேரத்தை முழுவெண் நானோநொடியாகவும் தரும் வழியை 2018இல் சேர்த்தது.

வகையே காவல்

அலகை எண்ணோடு பிணைக்க, கால அளவைத் தனித் தரவு வகையாக அமைத்தல் வேண்டும். 2011இல் சி பிளஸ் பிளஸ் மொழியின் தரத்தில் சேர்ந்த ‘குரோனோ’ நூலகம் இதற்குச் சிறந்த சான்று. அங்கு நொடி ஒரு வகை. மில்லிநொடி வேறொரு வகை. நொடியை மில்லிநொடியாக மாற்றுவதில் இழப்பில்லை. எனவே அது தானே நிகழும். மில்லிநொடியை நொடியாக்கினால் மிச்சம் உதிரும். எனவே நிரலர் வெளிப்படையாகக் கேட்டாலன்றி நிகழாது. வெறும் 5 என எழுதினால், நிரல் ஓடுமுன்பே தொகுப்பி மறுத்துவிடும். கோ மொழியிலோ வெறும் 5 ஏற்கப்பட்டு, ஐந்து நானோநொடியாகிவிடும். தனி வகை இருந்தும் கதவு சிறிது திறந்தே உள்ளது.

முடிவுரை

எண்ணை முழுவெண்ணாக வைத்தல், அலகை வகையாகப் பிணைத்தல் என்னும் இரண்டுமே நல்ல நூலகத்தின் இலக்கணம். முன்னது பிழை திரளாமல் காக்கும். பின்னது பொருள் மயங்காமல் காக்கும். பயன்படுத்துவோரின் நினைவாற்றலை நம்பி அலகைக் கையேட்டில் விடுவது காவலாகாது. ஐயத்திற்கு இடமின்றிச் சொல்லுதல் உரைநடைக்கு மட்டுமன்றி நிரலுக்கும் உரிய நெறி என்பதை மாணவர் உளங்கொள்வாராக.