சர்வ வல்லமை என்னும் கொள்கை

பௌத்தம் தழுவிய நம் குடும்பங்கள் பலவற்றில் கிறிஸ்தவ உறவினர் உண்டு. குழந்தையை இழந்த வீட்டில் அவர்கள், "எல்லாம் ஆண்டவர் சித்தம்" என்று ஆறுதல் மொழிவர். அவ்விடத்தில் வாதம் புரிவது பண்பன்று. ஆயினும் அச்சொல்லின் பொருள் யாது, நம் தம்மம் அதற்கு மாறாக யாது கூறுகிறது என்பவற்றை நாம் தெளிந்திருத்தல் வேண்டும். ஒரு கொள்கையை அதனைக் கொண்ட சான்றோர் கூறியவாறே அறிந்த பின்னரே மறுத்தல் முறையாகும்.

1. கிறிஸ்தவர் கூறுவது

கி.பி. 325-இல் நிசேயா நகரில் கூடிய சபையின் விசுவாச அறிக்கை, தொடக்கத்திலேயே கடவுளைப் 'பாந்தொக்ராத்தோர்' எனக் குறிக்கிறது. 'அனைத்தையும் ஆள்பவர்' என்பது இக்கிரேக்கச் சொல்லின் பொருள். இலத்தீனில் இது 'ஒம்னிபொத்தென்ஸ்', அதாவது 'எல்லாம் வல்லவர்' என்றாயிற்று. எல்லாம் என்றால் எவை என்னும் வினாவும் உடன் எழுந்தது. நடந்து முடிந்ததை நடவாததாக்கக் கடவுளால் இயலுமா என 11-ஆம் நூற்றாண்டில் பீட்டர் தமியான் என்னும் துறவி ஆராய்ந்தார். 13-ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ், தன்னுள்ளே முரண்படுவது செய்யத்தக்க ஒரு பொருளே அன்று. ஆகவே அதனைச் செய்யாமை கடவுளுக்குக் குறையன்று என விளக்கினார். ஆதலின், 'தம்மால் தூக்க இயலாத கல்லைக் கடவுள் படைப்பாரா?' என்று கேட்டு நகைப்பதில் பயனில்லை. அதற்கு விடை வகுத்து எழுநூறு ஆண்டுகளுக்கு மேலாயின.

2. உண்மையான இடர்

1755 நவம்பர் 1 அனைத்துப் புனிதர் திருநாள். லிஸ்பன் நகர மக்கள் ஆலயங்களில் தொழுதுகொண்டிருந்த காலைப் பொழுதில் நிலம் அதிர்ந்தது. ஆலயங்கள் தொழுதோர்மீதே சரிந்தன; கடல் பொங்கி ஏறியது; தீ நகரை எரித்தது. பல்லாயிரவர் மாண்டனர். கடவுள் படைத்த இவ்வுலகமே இயலக்கூடிய உலகங்களுள் சிறந்தது என்று 1710-இல் லைப்னிட்ஸ் வெளியிட்ட கொள்கையை வோல்ட்டேர் இப்பேரழிவைக் காட்டித் தாக்கினார். தடுக்க வல்லவர் தடுத்திலரெனில் அருள் எங்கே? தடுக்க விரும்பியும் இயலவில்லையெனில் வல்லமை எங்கே?

மனிதனுக்கு அளிக்கப்பெற்ற சுதந்திர சித்தத்தால் தீமை நுழைந்தது என்பது அகுஸ்தீன் முதலியோர் விடை. கொலைக்கும் களவுக்கும் இது பொருந்தலாம். தொட்டிலில் கிடக்கும் குழந்தையின் நோய்க்கு இது எவ்வாறு பொருந்தும்? கடவுளே சிலுவையில் துன்பத்தை ஏற்றார் என்பது வேறு சிலர் விடை. இது நெஞ்சைத் தொடுவது. எனினும் உடன் துன்புறுதல் வேறு, அனைத்தையும் ஆளுதல் வேறு.

3. பகவான் கூறுவது

அங்குத்தர நிகாயத்துத் தித்த சுத்தத்தில் பகவான் மூன்று கொள்கைகளை மறுக்கிறார். மனிதர் நுகரும் இன்ப துன்பம் யாவும் முன்வினையாலேயே வருவன என்பது ஒன்று. ஈசுவரன் படைப்பாலேயே வருவன என்பது மற்றொன்று. காரணமின்றி வருவன என்பது மூன்றாவது. மூன்றிற்கும் மறுப்பு ஒன்றே. அங்ஙனமாயின் கொலைஞனும் கள்வனும் அக்காரணத்தாலேயே அவ்வாறாயினர் என்றாகும். இது தக்கது, இது தகாதது என்னும் தெளிவும், முயற்சியும் பொருளற்றுப் போகும். மனிதனது பொறுப்பைக் காப்பதே பகவானின் நோக்கம்.

இங்கே நாம் நம்மையே சோதித்தல் வேண்டும். ஈசுவரனை நீக்கினோம் என மகிழும் நம்மவருள் சிலர், துன்புறுவோரைக் கண்டு, "எல்லாம் பூர்வ கர்மம்" என்கின்றனர். நம் முன்னோரைத் தாழ்த்தியவர்கள் கூறிய சொல்லும் இதுவே அன்றோ? காலியான சிம்மாசனத்தில் கர்மத்தை ஏற்றி வைப்பது தம்மமாகாது. சம்யுத்த நிகாயத்துச் சீவக சுத்தத்தில், பித்தம், சிலேட்டுமம், வாயு, இம்மூன்றின் கூட்டு, பருவ மாற்றம், ஒழுங்கற்ற நடை, பிறர் செய்யும் தாக்குதல், வினைப்பயன் என வேதனைக்கு எட்டுக் காரணங்கள் கூறப்படுகின்றன. வினைப்பயன் எட்டில் ஒன்றே. காரணங்களின் சார்பால் யாவும் தோன்றும் என்பதனையே நம் மணிமேகலையின் முப்பதாம் காதையும் பன்னிரு நிதானங்களாக விரிக்கிறது. காரணம் உண்டெனில் அதனை நீக்கும் வழியும் உண்டு. நோய்க்கு மருந்து தேடலாம்; அநீதியை எதிர்க்கலாம்.

4. துயருற்ற வீட்டில்

இறந்த மகவை ஏந்திவந்த கிசா கோதமிக்குப் பகவான் அதனை உயிர்ப்பித்துத் தரவில்லை. இது உன் வினை என்று இடித்துரைக்கவும் இல்லை. சாவு நிகழாத வீட்டில் கடுகு பெற்று வருமாறு அனுப்பினார். வீடுதோறும் சென்று கேட்ட அத்தாய், தன் துயரம் எல்லார்க்கும் பொதுவெனத் தானே உணர்ந்தாள். சர்வ வல்லமை உடையேன் என்று பகவான் உரைத்ததில்லை. வழி காட்டுவோன் என்றே உரைத்தார். ஆகவே துயருற்ற வீட்டிற்குச் செல்லும் உபாசகர் ஆண்டவர் சித்தம் என்றோ, முன்வினை என்றோ கூறாது, அருகிருந்து வேண்டிய பணியைச் செய்வாராக.

சங்கக் கூட்டத்தில் ஆராய்க:

1. 'அனைத்தையும் ஆள்பவர்', 'எல்லாம் வல்லவர்' என்பவற்றுள் வேறுபாடு யாது?

2. தித்த சுத்தம் முன்வினைக் கொள்கையை ஏன் ஈசுவரக் கொள்கையோடு ஒருங்கே மறுக்கிறது?

3. நம் பேச்சில் கர்மம் எவ்விடங்களில் ஈசுவரனாகிறது?