இருபது நிமிஷம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

வாட்ஸ்அப்பில் நீ கேட்டதற்கு அங்கேயே பதில் போட்டிருக்கலாம். முதல் நாலு வரியைப் பார்த்துவிட்டு ஓர் இதயத்தை அனுப்பியிருப்பாய். அதனால்தான் தாளில் எழுதுகிறேன்.

நாள் முழுக்க எதையோ வாசித்துக்கொண்டேதான் இருக்கிறேன், புத்தகத்தை எடுத்தால் மட்டும் பத்துப் பக்கம் தாண்டவில்லை, மூளை மழுங்கிவிட்டதா என்று கேட்டிருந்தாய். இல்லை. மேரியான் உல்ஃப் என்று ஓர் அமெரிக்கப் பேராசிரியை. வாசிக்கும்போது மூளையில் என்ன நடக்கிறது என்பதுதான் அவருடைய ஆராய்ச்சியே. இளம் வயதில் விரும்பிப் படித்த ஹெர்மன் ஹெஸ்ஸேயின் ‘கண்ணாடி மணி விளையாட்டு’ நாவலை அவர் மறுபடி எடுத்திருக்கிறார். ஓடவில்லை. வாக்கியங்கள் வேண்டுமென்றே முறுக்கி எழுதியவையாகத் தெரிந்தன. எரிச்சலில் மூடி வைத்துவிட்டார். திரையில் மேய்ந்து பழகிய கண் தாளிலும் மேயத் தொடங்கிவிட்டது என்பது பிறகுதான் உறைத்தது. ஒரு நாளைக்கு இருபது நிமிஷம் என்று வைத்துக்கொண்டு அதே நாவலை மீண்டும் எடுத்தார். ஏறக்குறைய இரண்டு வாரத்தில் பழைய நிதானம் திரும்பியது. 2018-இல் வந்த தன் புத்தகத்தில் இதை அவரே எழுதியிருக்கிறார்.

பேச்சு குழந்தைக்குத் தானாக வரும், வாசிப்பு வராது. பார்வைக்கும் பேச்சுக்கும் உரிய பகுதிகளை இணைத்து மூளை பழகிக்கொண்ட வேலை அது. பழக்கத்தில் வந்தது பழக்கத்தில் தேயவும் செய்யும், திரும்பவும் வரும்.

திரையோடு வளரும் பிள்ளைகளுக்குத் திரை வாசிப்பு கைவந்துவிடும் என்று பலரும் நம்பினார்கள். 2000 முதல் 2017 வரை நடந்த 54 ஆய்வுகளை, அதாவது 1,70,000 பேருக்கு மேற்பட்டவர்களின் வாசிப்பை, ஸ்பெயின், இஸ்ரேல் ஆய்வாளர்கள் சேர்த்துப் பார்த்தார்கள். கதை படித்தவர்களிடம் பெரிய வித்தியாசம் இல்லை. பாடம், கட்டுரை போன்றவற்றில் தாளில் படித்தவர்களே கூடுதலாகப் புரிந்துகொண்டிருந்தார்கள். நேர நெருக்கடி வந்தால் இடைவெளி இன்னும் கூடியது. எனக்கு உறுத்தியது இதுதான்: ஆண்டுகள் போகப் போக அந்த இடைவெளி குறையவில்லை, வளர்ந்திருந்தது. ஆகவே தேர்வுக்குப் படிக்கும் பிடிஎஃப்பை அச்செடுத்துக்கொள். ஜெராக்ஸ் காசை நான் தருகிறேன்.

‘எல்லாம் இந்தப் போனால்தான்’ என்று வீட்டில் பாடும் பாட்டை நான் பாடமாட்டேன். திரை நேரத்துக்கும் பிள்ளைகளின் மனநலத்துக்கும் உள்ள தொடர்பை 2019-இல் ஏமி ஓர்பெனும் ஆன்ட்ரூ ஷிபில்ஸ்கியும் மூன்றரை லட்சம் பேரின் தரவுகளை வைத்துக் கணக்கிட்டார்கள். மனநலத்தில் காணப்படும் வேறுபாட்டில் அதிகபட்சம் 0.4 சதவீதத்தைத்தான் அது விளக்குகிறது என்று வந்தது. ஆனால் அது சராசரி. இரவு ஒரு மணிக்கு யாரோ ஒருத்தியின் படங்களைப் பார்த்துத் தன்னையே குறைத்துக்கொள்ளும் பெண் சராசரியில் தெரியமாட்டாள். எத்தனை மணி நேரம் பார்த்தாய் என்பதைவிட, எப்போது, எதை, எதற்குப் பதிலாகப் பார்த்தாய் என்றுதான் உன்னைக் கேட்பேன். பெரும்பாலும் அது தூக்கத்துக்குப் பதிலாகத்தான் இருக்கும்.

கை நிற்காததற்கு நீ மட்டும் காரணமில்லை. தள்ளத் தள்ள முடிவே இல்லாமல் வந்துகொண்டே இருக்கும் பக்கத்தை ஏசா ராஸ்கின் என்பவர் 2006-இல் வடிவமைத்தார். பின்னாளில் அதற்காக வெளிப்படையாக வருந்தினார். பக்கம் முடிந்தால்தானே ‘போதும்’ என்று தோன்றும்? அந்த இடத்தையே எடுத்துவிட்டார்கள்.

அதற்காகப் போனைத் தூக்கி எறியாதே. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறது. நூலகம் எட்டாத ஊரில் இருப்பவருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்! படுக்கும்போது மட்டும் போனைக் கூடத்தில் சார்ஜ் போட்டுவிடு. அலாரத்துக்கு வேண்டும் என்பாய். தாத்தாவின் கடிகாரம் பரணில் இருக்கிறது, சாவி கொடுத்தால் ஓடும்.

இருபது நிமிஷத்துக்கு ஹெஸ்ஸே வேண்டாம். கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ எடு. ஆந்திரத்திலிருந்து தப்பி வந்து கரிசலில் குடியேறியவர்களின் கதை. ஆட்கள் ஏராளம், யார் யார் என்று குழம்பினால் பென்சிலால் ஓரத்தில் குறித்துக்கொள். நூலகப் புத்தகமானால் தனித் தாளில்.

அன்புடன்,
அத்தை